கிருமியைத் தின்னும் கிருமி

முள்ளை முள்ளால் எடுப்பது நம் வழக்கம். கிருமியைக் கிருமியால் ஒழிக்க முனைந்தவர் ஃபெலிக்ஸ் டி ஹெரெல். விலங்கியல் மாணவனாகிய என்னை அவர் வாழ்க்கை கவர்ந்ததற்குக் காரணம், அவர் கண்ட வெற்றி மட்டுமன்று. அவ்வெற்றி மறக்கப்பட்டு மீண்டும் தேடப்படுவதும் ஆகும்.

1873இல் பாரிசில் பிறந்த அவர், அறிவியலில் பட்டம் ஏதுமின்றித் தாமே நுண்ணுயிரியல் கற்றவர். 1910ஆம் ஆண்டளவில் மெக்சிகோவில் வெட்டுக்கிளிகளை மாய்த்த ஒரு பாக்டீரியாவை ஆராய்ந்தார். அதை வளர்த்த தட்டில் ஆங்காங்கே தெளிந்த வட்டங்கள் தோன்றின. அவற்றை அவர் மறக்கவில்லை. 1915இல் பிரெஞ்சுப் படைவீரர்களிடையே சீதபேதி பரவியது. நோயாளியின் மலத்தைக் கரைத்து, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்தார். அவ்வடிநீர், கலங்கியிருந்த பாக்டீரியாக் குழம்பை ஓரிரவில் தெளிய வைத்தது! பாக்டீரியாவைத் தின்னும் இவ்வைரசுக்கு 1917இல் பாக்டீரியோபேஜ் எனப் பெயரிட்டார். இங்கிலாந்தில் டுவார்ட் என்பார் இதனை 1915லேயே கண்டிருந்தார். ஆயினும் மருந்தாக்க முனைந்தவர் டி ஹெரெலே.

1919இல் பிரான்சில் கோழிகளைக் கொன்ற டைஃபாய்டு நோய்க்கு ஃபேஜைக் கொடுத்துப் பயன் கண்டார். அதே ஆண்டில், சீதபேதியால் வாடிய 12 வயதுச் சிறுவனுக்கு அளிக்குமுன் அதைத் தாமே குடித்துப் பார்த்தார். சிறுவன் பிழைத்தான். 1927இல் காலரா ஆய்வுக்காக இந்தியாவுக்கும் வந்தார்.

அவருடைய சோதனைகளில் ஒப்பீடு போதவில்லை என்று பலர் குறை கூறினர். அதில் நியாயமும் உண்டு. பெனிசிலின் வந்தபின் மேலை நாடுகள் ஃபேஜை மறந்தன. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் நோபல் பரிசு கிட்டாமலே 1949இல் அவர் மறைந்தார்.

ஆயினும் கதை முடியவில்லை. ஈ.கோலி பாக்டீரியா பன்றிக்குட்டியின் குடற்சுவரில் ஒட்டி, நஞ்சைச் சுரந்து, உடல்நீரைக் கழிச்சலாக வெளியேற்றிக் கொல்லும். இங்கிலாந்தில் வில்லியம்ஸ் ஸ்மித், ஹக்கின்ஸ் இருவரும் இந்நோயை ஃபேஜ் கொண்டு தீர்த்து 1983இல் வெளியிட்டனர். பண்ணைத் தீவனத்தில் ஓயாது கலந்த ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்த்து வாழக் கிருமிகள் பழகிவிட்டன. எனவே, வளர்ச்சிக்காக அவற்றைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தது. ஒவ்வொரு ஃபேஜும் தனக்குரிய பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். குடலிலுள்ள நல்ல கிருமிகள் தப்புவது இதனால் வரும் நன்மை. நோய்க்கிருமிக்கேற்ற ஃபேஜைத் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பது தொல்லை.

நண்பர்களே, பட்டம் பெறப் போகும் நமக்கு, பட்டமில்லாத அம்மனிதரின் கூரிய பார்வை வாய்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.