அகஸ்தீனாரும் அவரை வருத்திய வெட்கமும்

பெரியோர் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர்கள் பெற்ற பட்டங்களையும், இயற்றிய நூல்களையும், எய்திய வெற்றிகளையுமே விரித்துரைப்பர். நாம் ஈண்டுக் கூற எடுத்துக்கொண்டது அத்தகைய சரித்திரமன்று. இளமைதொட்டுக் காமவிச்சையின் பழக்கத்திற் கட்டுண்டு, அதனை விட்ட பின்னரும் அதன் நினைவால் நாணி வருந்திய ஒருவர், அந்த வெட்கத்தை எங்ஙனம் தாங்கி வாழ்ந்தார் என்பதே நாம் சொல்லப்புகுவது. இக்காலத்தில் ஆபாசப் படங்கள் உள்ளங்கையில் அடங்கும் கருவியினுள்ளே இரவும் பகலும் எட்டும்படி இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் பழக்கத்தினின்று மீள முயலும் வாலிபர் பலரைப் பழக்கத்தினும் அதிகமாய் வருத்துவது அதன் பின் வரும் வெட்கமே. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அகஸ்தீனாரின் சரித்திரம் அத்தகையோர்க்கு நல்ல துணையாகும் என்பது நமது எண்ணம்.

அகஸ்தீனார் கி. பி. 354-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆம் தேதி, வட ஆப்பிரிக்காவில் உரோமர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தகாஸ்தே என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது அல்ஜீரியா தேசத்தில் சூக் அஹ்ராஸ் என வழங்குகின்றது. தந்தையார் பத்ரீசியுஸ் சிறிது நிலமுடையவர். அன்னையார் மோனிக்கா அம்மையார் கிறிஸ்தவ பக்தியிற் சிறந்தவர். மகனது கூரிய அறிவைக் கண்ட பெற்றோர், தம் வருவாய்க்கு மிஞ்சிய செலவு செய்து அவரைக் கற்பித்தனர்.

அக்காலத்துப் பள்ளிகளில் தெரென்ஸ் என்னும் இலத்தீன் ஆசிரியரின் நாடகங்கள் பாடமாயிருந்தன. அவற்றுள் ஒன்றில் ஓர் இளைஞன், யூபித்தர் என்னும் தேவன் பொன்மழையாய் இறங்கி ஒரு கன்னிகையைச் சேர்ந்த கதை சுவரில் ஓவியமாய்த் தீட்டப்பட்டிருப்பதைக் கண்டு, தேவன் செயலையே தன் தீச்செயலுக்குச் சாக்காகக் கொள்ளுகின்றான். சொல்லழகைக் கற்பதற்கென்று இப்பகுதி சிறுவர்க்குப் போதிக்கப்பட்டது. அகஸ்தீனார் பிற்காலத்தில் இதனை நினைவுகூர்ந்து, இவ்வழியால் சொற்கள் எளிதாய்க் கற்கப்படுவதில்லை, இச்சொற்களால் தீச்செயலே அதிகத் துணிவோடு செய்யப்படுகின்றது என்று எழுதினார்.

அவருக்கு 16 வயதான காலத்தில் பொருள் முட்டுப்பாட்டால் படிப்பு ஓராண்டு தடைப்பட, அவர் வேலையின்றி ஊரில் திரிந்தார். அப்பொழுது நேர்ந்த ஒன்றை நாம் ஊன்றி நோக்கவேண்டும். உடன் திரிந்த தோழர் தத்தம் இழிசெயல்களைப் பெருமையாய்ப் பேசிக்கொண்டனர். அகஸ்தீனாரோ, அவர்களைப்போல் தாமும் கெட்டிருக்கவில்லையே என்று வெட்கினார். செய்யாதவற்றையும் செய்ததாகப் புனைந்து கூறினார். தீமை செய்தற்கு நாண வேண்டிய உள்ளம், தீமை செய்யாமைக்கு நாணியது. வெட்கம் என்பது எப்பொழுதும் நல்வழி காட்டும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக. கூடியிருப்போர் முகத்தை மாத்திரம் பார்க்கும் வெட்கம், அவர்கள் எவ்வழியோ அவ்வழியே செல்லும்.

பின்னர் அவர் மேற்படிப்பிற்காகக் கார்த்தேஜ் மாநகரை அடைந்தார். அங்கு நாடகசாலைகளும் காதற் களியாட்டங்களும் அவரைக் கவர்ந்தன. சில காலத்துள் ஒரு பெண்ணோடு மணமின்றிக் கூடி வாழத் தொடங்கினார். 372-ஆம் ஆண்டளவில் அதேயோதாத்துஸ் என்னும் மகன் பிறந்தான். 19-ஆம் வயதில் சிசரோ இயற்றிய நூலொன்றைப் படித்தபோது மெய்யறிவில் வேட்கை பிறந்தது. ஆயினும் பழக்கம் நீங்கவில்லை. அவ்வேளையில் மனிக்கேயர் என்னும் சமயக் குழுவினரோடு சேர்ந்து, ஒன்பது ஆண்டுகள் அவர்கள் கொள்கையைப் பற்றியிருந்தார். நம்முள் வேறொரு தீய இயல்பு இருந்து பாவம் செய்கின்றது என்பது அவர்களது போதனை. குற்றம் தம்முடையதன்று என எண்ணிக்கொள்ள இடமளித்தமையால் அப்போதனை தமக்கு இனித்தது என்று அவரே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். முன்னர்ப் பெருமை பேசி வெட்கத்தை மறைத்தவர், இப்பொழுது பழியை வேறொன்றின்மேற் சுமத்தி அதனை மறைத்தார்.

நிற்க, பழக்கத்தின் வலிமையை விளக்க அவர் தம் ஆருயிர்த் தோழர் அலிப்பியுஸ் என்பவரின் கதையையும் எழுதிவைத்துள்ளார். அலிப்பியுஸ் கார்த்தேஜில் வேடிக்கைக் காட்சிகளில் மயங்கிக் கிடந்து, அகஸ்தீனார் பாடஞ்சொல்லுகையிற் கூறிய ஒரு சொல்லால் திருந்தினார். பின்னர்ச் சட்டம் பயில உரோமாபுரிக்குச் சென்றவிடத்து, மனிதர் மனிதரை வெட்டி வீழ்த்தும் களரிக்கு நண்பர் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். தம்மைத் தாம் அடக்கவல்லேம் என நம்பி, அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தார். கூட்டத்தின் பேரொலி எழவே கண்ணைத் திறந்தார். ஒரே நோக்கில் வெறிகொண்டார். பின்னர்ப் பிறரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் சென்றார். அவர் அதனின்று மீள நெடுங்காலமாயிற்று. ஆயினும் இவரே பின்னாளில் தகாஸ்தே நகரின் அத்தியக்ஷராய் விளங்கினார். மீண்டும் விழுந்தமையால் அவர் வாழ்வு முடிந்துவிடவில்லை என்பதை மறவாதிருப்போமாக.

384-ஆம் ஆண்டில் அகஸ்தீனார் மிலான் நகரில் அணியிலக்கணப் பேராசிரியரானார். அரசவை வீற்றிருந்த நகரமாதலின், உயர்ந்த பதவியும் தகுந்த விவாகமும் அவரை எதிர்நோக்கின. அவ்விவாகத்தின் பொருட்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் உடன்வாழ்ந்த பெண்மணி ஆப்பிரிக்காவிற்குத் திருப்பியனுப்பப்பட்டார். அவர் வேறோர் ஆடவனைச் சேர்வதில்லை என விரதங்கொண்டு, மகனைத் தந்தையிடம் விட்டுச் சென்றார். அகஸ்தீனாரோ, மணம்பேசிய சிறுமி உரிய வயதடைய இரண்டு ஆண்டுகள் காத்திருக்கவும் மாட்டாமல் இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். பிரிவினால் தம் நெஞ்சு புண்பட்டதை அவர் எழுதியிருக்கின்றார். ஆனால் அப்பெண்மணியின் பெயரை எங்கும் எழுதினாரில்லை. ஒருவரது இச்சைக்கும் அவரது வெட்கத்திற்கும் உரிய விலையைப் பல வேளைகளில் மற்றொருவரே கொடுக்க நேர்கின்றது. இதனை மறைத்துச் சரித்திரம் எழுதுதல் நமக்கு உடன்பாடன்று.

அக்காலத்துத் தம் நிலையை அவர் ஒரு சங்கிலியாக உவமித்துள்ளார். கோணிய விருப்பம் இச்சையாகி, இச்சைக்கு இணங்க இணங்கப் பழக்கமாகி, தடுக்கப்படாத பழக்கம் விடமுடியாத கட்டாயமாகிவிட்டது. முன்னர் இளமையிற் கற்பை வேண்டிக் கடவுளிடம் மன்றாடியபோதே, அது உடனே வந்துவிடுமோ என்று அஞ்சவும் செய்திருந்தார். 386-ஆம் ஆண்டு கோடையில் பொந்திசியானுஸ் என்னும் நண்பர் வந்து, எகிப்து தேசத்துத் துறவியாகிய அந்தோனியாரைப் பற்றியும், அவர் சரித்திரத்தைப் படித்து உடனே உலகைத் துறந்த அரசாங்க ஊழியர் இருவரைப் பற்றியும் சொன்னார். கேட்கக் கேட்க அகஸ்தீனார் தமது முகத்தையே தாம் காணும்படி ஆயிற்று. முதுகுப்புறத்தே ஒளித்துவைத்திருந்த தம்மைத் தம் கண்முன் நிறுத்தக் கண்டார். இவ்வெட்கம் தோழர்முன் தோன்றிய பழைய வெட்கமன்று. உண்மையின்முன் தோன்றிய வெட்கம்.

அவர் வீட்டுத் தோட்டத்திற்கு ஓடினார், அலிப்பியுஸும் பின்சென்றார். அழுகை மிகுந்தபோது மாத்திரம் சற்றே விலகிச் சென்றார். அயல்வீட்டிற் பாடிய ஒரு குழந்தையின் குரலைக் கேட்டு, பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதிய நிருபத்தைத் திறந்து வாசித்தார், மனம் தெளிந்தது. உடனே செய்தது யாது? அலிப்பியுஸிடம் நடந்ததனைத்தையும் கூறினார்; பின்னர் இருவரும் உள்ளே சென்று மோனிக்கா அம்மையாரிடம் தெரிவித்தனர். தம் உள்ளத்தை அவர் அன்று முதலில் ஒரு நண்பனுக்கும், பின் தாய்க்கும் திறந்தார்.

பலரும் சரித்திரத்தை இவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றனர். நமக்கு வேண்டுவதோ இதன் பின் நிகழ்ந்ததே. அவ்வாண்டு இறுதியில் அவர் பதவியை விட்டு, கசிசியாக்கும் என்னும் நாட்டுப்புற மாளிகையில் நண்பரோடு தங்கித் தமக்கும் தம் அறிவுக்கும் நடக்கும் உரையாடலாக ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு நாள் பெண்ணின்பத்தைத் தாம் முற்றும் வெறுத்துவிட்டதாக உறுதியாய்ச் சொல்லுகின்றார். மறுநாள் அறிவு அவரை வினவுகின்றது. கழிந்த இரவில் உறக்கமின்றிக் கிடந்தபோது பழைய நினைவுகள் இனித்தமை வெளிப்படுகின்றது. அகஸ்தீனார் நாணி அழுகின்றார். இனி எதனையும் உறுதியாய்ச் சொல்லத் துணியேன் என்கின்றார். அறிவு அவரைக் கடிந்துகொள்ளவில்லை; முன்னிருந்ததினும் நினைவின் வலி குறைந்திருப்பதைக் காட்டி, ஆறியது எவ்வளவு, ஆற வேண்டியது எவ்வளவு என மருத்துவன் புண்ணைச் சோதிப்பதுபோல இஃது என்று தேற்றுகின்றது. மீண்டுவரும் ஒவ்வொருவரும் அறியவேண்டிய பகுதி இதுவே. திரும்பி வந்த இச்சை, பெற்ற விடுதலை பொய்யென்பதற்குச் சான்றன்று. மருந்து இன்னும் உண்ண வேண்டும் என்பதற்கே சான்று.

387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த பண்டிகையில் மிலான் அத்தியக்ஷர் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஒஸ்தியா துறைமுகத்தில் அன்னையார் காலமானார். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய பின் மகனும் இளமையிலேயே இறந்தான். 391-ஆம் ஆண்டில் ஹிப்போ நகரில் குருவாகவும், சில ஆண்டுகளில் அத்தியக்ஷராகவும் ஆக்கப்பட்டார். 397-ஆம் ஆண்டளவில், ஊரார் அனைவரும் வணங்கும் பதவியில் இருந்துகொண்டே, தம் வாழ்வை அறிக்கையிடும் 13 பாகங்கள் கொண்ட நூலைத் தொடங்கினார். பத்தாம் பாகத்தில் கடந்தகாலத்தை விட்டு அன்றைய நிலையைப் பேசுகின்றார். பழக்கத்தால் நினைவிற் பதிந்த உருவங்கள் விழிப்பில் வலியிழந்து வந்தாலும், உறக்கத்தில் இன்னும் தம்மை வெல்லுகின்றன என்று வெளிப்படையாய் எழுதினார். விட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அத்தியக்ஷர் ஒருவர் இங்ஙனம் எழுதத் துணிந்தது ஏன்? தம்மைப்போல் வீழ்ந்தவர் எவரும், என்னால் ஆகாது என்று நம்பிக்கையிழந்து உறங்கிவிடாதிருக்கும் பொருட்டே என அதற்குக் காரணமும் கூறினார்.

இவ்வறிக்கையால் தீங்கும் வாராமலில்லை. எதிர்க்கட்சியாராகிய தொனாத்தியருள் பெத்திலியன் என்பவர் அவரது முன்னாள் வாழ்வை எடுத்து இழித்தெழுதினார். அகஸ்தீனார் தம் பழைய வாழ்வுக்காக வாதாடவில்லை. பகைவர் பழிப்பதற்கு முன் தாமே அதனைப் பழித்துவிட்டதை எடுத்துரைத்தார். தானே வெளியிட்ட குற்றத்தைக் கொண்டு ஒருவனைப் பிறர் அச்சுறுத்துவது அரிது.

410-ஆம் ஆண்டு உரோமாபுரி கொள்ளையிடப்பட்டபோது வன்செயலுக்கு உட்பட்ட பெண்கள் வெட்கத்தால் வருந்தினர். மனம் இசையாதவிடத்துக் குற்றமில்லை, ஆதலின் அவர்கள் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளலாகாது என்று அவர் எழுதினார். வெட்கம் வேறு, குற்றம் வேறு என்பதை இவ்வளவு தெளிவாய்க் கண்டவர், சரீர இச்சையைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியவை சில மிகக் கடுமையாயின. விவாகத்தினுள்ளும் இச்சை நாணத்தக்கது என்ற அவர் கருத்தை அறிஞர் பலர் ஏற்பதில்லை. நாமும் அதனை வற்புறுத்தவில்லை.

430-ஆம் ஆண்டில் வந்தலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையில் அவர் நோய்வாய்ப்பட்டார். தாவீதின் மனந்திரும்புதற் சங்கீதங்களைத் தாள்களில் எழுதுவித்துக் கட்டிலருகே சுவரில் ஒட்டச்செய்து, படுத்தபடியே வாசித்துக் கண்ணீர் விட்டார். ஆகஸ்டு மாதம் 28-ஆம் தேதி, 75-ஆம் வயதில் உயிர்துறந்தார். சிறுவயதில் சுவரோவியக் கதையொன்றைப் படித்து அதன் வலிமையை அறிந்தவர், முடிவில் எதனை நோக்குவது என்பதைத் தாமே தெரிந்துகொண்டார்.

மாணவ நண்பர்காள்! வெட்கத்தைப் பெருமையால் மூடியும், பழியை வேறொன்றின்மேற் போட்டும், நாளை நாளை என்று தள்ளியும் பார்த்த அகஸ்தீனாருக்கு அவற்றுள் ஒன்றும் பயன்படவில்லை. நம்பத்தக்க ஒருவரிடம் உண்மையைச் சொன்னதும், மீண்டும் தடுமாறியபோது அதனையும் மறையாது ஒப்புக்கொண்டதுமே பயன்பட்டன. தனியறையில் வளர்ந்த பழக்கம் தனியறையிலேயே தீர்வது அரிது. நம் கல்லூரியில் அத்தகைய பாரத்தோடு எவரேனும் இருப்பின், அவர் ஒரு நண்பரையோ ஆசிரியரையோ மருத்துவரையோ நாடுவாராக. அவ்வாறு நாடப்படும் பேறு நம்மில் எவர்க்கேனும் வாய்க்குமாயின், தோட்டத்தில் அருகிருந்த அலிப்பியுஸைப்போல் நாமும் இகழாது கேட்டு, விலகாது உடனிருப்போமாக.