பாகப்பிரிவினைக்குக் கணக்கு எழுதிய பேராசிரியர்

கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை செய்து வைக்கும் பெரியவருக்கு நல்ல பெயர் கிடைப்பது அரிது. நஞ்சை கிடைத்தவன் வீடு கிடைக்கவில்லையே என்பான். வீடு கிடைத்தவன் கிணறு போயிற்றே என்பான். 1969ஆம் ஆண்டில் இந்தியாவின் 17 மாநிலங்களுக்கும் அப்படியொரு பாகப்பிரிவினையைச் செய்து வைக்கும் பொறுப்பு, புனே நகரத்துப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் தலையில் விழுந்தது. அவர்தான் தனஞ்சய ராமச்சந்திர காட்கில்.

காட்கில் சூத்திரம் என்ற பெயரைப் போட்டித் தேர்வு எழுதும் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய மனிதரை அறிந்தவர்கள் குறைவு. மகாராஷ்டிரத்தில் வாழும் தமிழர்களுக்கு அவர் வாழ்ந்த ஊரும், அவர் வளர்த்த நிறுவனமும் அடுத்த தெருவில் இருப்பவை போன்றவை. அவர் வரலாறு நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

காட்கில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 10ந் தேதி பிறந்தார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். அங்கே அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, இந்தியாவில் தொழில்கள் வளர்ந்த வரலாற்றைப் பற்றியது. 1924ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 23. அந்த நூல் பல பதிப்புகள் கண்டு, தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிகளில் பாடநூலாக விளங்கியது.

தாயகம் திரும்பியதும் பம்பாய் மாகாண அரசின் நிதி இலாகாவில் சிறிது காலம் பணியாற்றினார். அதன் பின் சூரத் நகரில் ஒரு கல்லூரியின் முதல்வர் ஆனார். சர்க்கார் உத்தியோகத்தில் படிப்படியாக உயரும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆனால் 1930ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை வேறு பாதையில் திரும்பியது.

வீடு வீடாகக் கணக்கு

கோபால கிருஷ்ண கோகலே 1905ஆம் ஆண்டு புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். கோகலே மறைந்த பிறகு அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர், தஞ்சைத் தரணியின் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் என்பது தமிழர்களுக்குப் பெருமை தரும் செய்தி. அச்சங்கத்தின் ஆதரவிலும், ராவ் பகதூர் ஆர்.ஆர். காளே வழங்கிய நன்கொடையிலும் 1930ஆம் ஆண்டு கோகலே அரசியல் பொருளாதார ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற காட்கில், 1966ஆம் ஆண்டு வரை 36 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

அக்காலத்தில் பொருளாதாரம் என்றால் ஆங்கில நூல்களைப் படித்து விளக்கம் சொல்வது என்றே பலர் எண்ணினர். காட்கில் தம் உதவியாளர்களைத் தெருவுக்கு அனுப்பினார். புனே நகருக்குப் பழங்கள் எங்கிருந்து வருகின்றன, தோட்டக்காரனுக்கு என்ன கிடைக்கிறது, தரகனுக்கு என்ன போகிறது என்பதை ஆராய்ந்து 1933ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, பம்பாய் மாகாணத்தின் ஆறு மாவட்டங்களில் ஓடிய மோட்டார் பஸ்களைப் பற்றி மற்றோர் அறிக்கை. வாயி தாலுகாவில் விவசாயிகளின் வரவு செலவையும் அந்நிலையம் கணக்கெடுத்தது.

இவற்றுள் முக்கியமானது புனே நகர ஆய்வு. பேஷ்வாக்களின் தலைநகரமாக இருந்து, ராணுவ முகாமும் கல்லூரிகளும் சர்க்கார் அலுவலகங்களும் நிறைந்த ஊராக மாறியிருந்த அந்த நகரத்தில் மக்கள் எதைக் கொண்டு பிழைக்கிறார்கள்? பித்தளைப் பாத்திரம் அடிப்பவருக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் என்ன வருமானம்? இக்கேள்விகளுடன் 1930களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று விவரம் திரட்டினர். அதன் முதல் பகுதி 1945ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 1952ஆம் ஆண்டிலும் நூல்களாயின. உலகப் போருக்குப் பின் நகரம் எப்படி மாறியது என்று அறிய, அதே நிலையத்தைச் சேர்ந்த சோவானி முதலியோர் மறுபடியும் கணக்கெடுத்து 1956ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒரே நகரத்தை இடைவெளி விட்டு இருமுறை அளந்து பார்த்த இந்த ஆராய்ச்சி, இந்திய நகரங்களைப் பற்றிய பொருளாதார ஆய்வுக்கு அடித்தளம் இட்டது என்றால் மிகையாகாது. கோலாப்பூர், சோலாப்பூர் நகரங்களையும் அந்நிலையம் இவ்வாறே ஆராய்ந்தது.

நகரத்தையும் அதற்குச் சோறு போடும் சுற்றுப்புறத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற கருத்து இந்த ஆய்வுகளினூடே காட்கில் மனத்தில் உறுதிப்பட்டது. மொழிவாரி மாநில விவாதம் எழுந்தபோது, பம்பாயைத் தனி நகர மாநிலமாக வைக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதாடினர். பம்பாய் மகாராஷ்டிரத்துடன் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வாதாடிய சம்யுக்த மகாராஷ்டிர பரிஷத்தில் காட்கில் முக்கிய இடம் வகித்தார். 1960ஆம் ஆண்டு மே முதல் தேதி அந்த வாதமே வென்றது.

கடனும் கரும்பும்

தக்காணத்து விவசாயிக்கும் லேவாதேவிக்காரருக்கும் உள்ள பகை பழையது. 1875ஆம் ஆண்டிலேயே புனே, அகமதுநகர் மாவட்டங்களில் விவசாயிகள் திரண்டு கடன் பத்திரங்களைக் கொளுத்தினர். பத்திரம் எரிந்ததே தவிர, கடன் தீரவில்லை. மாற்று வழி என்ன என்பதுதான் காட்கிலை நெடுங்காலம் வாட்டிய கேள்வி. விவசாயக் கடன் பற்றி ஆராய்ந்த கமிட்டிக்கு அவர் தலைமை தாங்கி 1945ஆம் ஆண்டில் அறிக்கை தந்தார்.

பின்னர் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வை வழிநடத்திய குழுவில், தலைவர் கோர்வாலாவுடன் காட்கிலும் இருந்தார். 75 மாவட்டங்களில் 600 கிராமங்களில் எடுக்கப்பட்ட கணக்கு அது. விவசாயி வாங்கும் 100 ரூபாய்க் கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தருவது சுமார் 3 ரூபாய்தான் என்றும், ஏறக்குறைய 70 ரூபாய் வட்டிக்கு விடுபவர்களிடமிருந்தே வருகிறது என்றும் 1954ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக் காட்டியது. அரை நூற்றாண்டுக் கூட்டுறவு இயக்கத்தின் நிலைமை அவ்வளவுதான் என்று நாடு அப்போது அறிந்தது. அவ்வறிக்கையின் பரிந்துரையை ஒட்டியே 1955ஆம் ஆண்டு இம்பீரியல் வங்கி, பாரத ஸ்டேட் வங்கியாக மாறியது.

அறிக்கை எழுதியதோடு காட்கில் நிற்கவில்லை. கோதாவரி, பிரவரா கால்வாய்களால் விளைந்த பயன்களை அவரது நிலையம் ஆராய்ந்து 1948ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தது. கால்வாய்த் தண்ணீரால் கரும்பு விளைந்தது. ஆனால் வெல்லத்தின் விலை விழுந்தால் விவசாயியும் விழுந்தான். அகமதுநகர் மாவட்டத்து லோணி கிராமத்து விவசாயி விட்டல்ராவ் விகே பாட்டீல், விவசாயிகளே ஒரு சர்க்கரை ஆலை வைத்தால் என்ன என்று புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் படித்த பேராசிரியர் அவருடன் கைகோத்து, அந்தக் கூட்டுறவு ஆலையின் முதல் தலைவர் பொறுப்பை ஏற்றார். 1950ஆம் ஆண்டு இறுதியில் பிரவரா ஆலையில் கரும்பு அரவை தொடங்கியது. அதைப் பார்த்து மகாராஷ்டிரம் முழுவதும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் பெருகின. பிற்காலத்தில் அவற்றுள் பல அரசியல் செல்வாக்குக்கு ஏணியாயின என்பதும் உண்மை.

தலைநகரில் நாலு ஆண்டு

ஐந்தாண்டுத் திட்டங்களைக் காட்கில் வெளியிலிருந்து கடுமையாக விமர்சித்து வந்தார். விலைவாசியைக் கட்டுப்படுத்தும் கொள்கை இல்லாமல் திட்டம் போடுவதில் பயனில்லை என்பதும், மாவட்டத்தின் நிலைமை அறியாமல் டில்லியில் திட்டம் தீட்டுவது பொருந்தாது என்பதும் அவரது கட்சி. அப்படிப்பட்டவரையே 1967ஆம் ஆண்டு செப்டம்பரில் திட்டக் கமிஷனின் துணைத் தலைவராக நியமித்தார் பிரதமர் இந்திரா காந்தி. பிரதமரே கமிஷனின் தலைவர் ஆதலால், அன்றாடப் பொறுப்பு முழுவதும் துணைத் தலைவருடையது.

காலமோ சோதனைக் காலம். இரண்டு ஆண்டு தொடர்ந்து மழை பொய்த்திருந்தது. 1966ஆம் ஆண்டில் தொடங்க வேண்டிய நாலாவது திட்டம் தள்ளிப் போடப்பட்டிருந்தது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. சென்னையில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது; கேரளத்தில் கம்யூனிஸ்ட் தலைமையில் கூட்டணி அமைந்தது. அதுவரை மத்திய உதவி, திட்டத்துக்குத் திட்டம் வெவ்வேறு விகிதத்தில் தரப்பட்டு வந்தது. யாருக்கு ஏன் எவ்வளவு என்பது தெளிவாக இல்லை என்ற குறை முன்பே உண்டு. டில்லியில் ஒரு கட்சியும் மாநிலத்தில் வேறு கட்சியுமாக ஆனபோது, அந்தக் குறை சந்தேகமாக முற்றியது. தேசிய வளர்ச்சிக் கவுன்சிலில் முதல் மந்திரிகள் பொது விதி ஒன்று வேண்டும் என்றனர்.

காட்கில் வகுத்த விதி ஒரு தாளில் அடங்கக் கூடியது. அசாம், ஜம்மு காஷ்மீர், நாகாலாந்து ஆகிய மூன்று மாநிலங்களின் தேவைக்கு முதலில் ஒதுக்கிவிட வேண்டும். மிச்சமுள்ள 100 ரூபாயில் 60 ரூபாய் ஜனத்தொகைப்படி போகும். நாட்டின் சராசரியைவிடத் தலைக்கு வருமானம் குறைந்த மாநிலங்களுக்கு மட்டும் 10 ரூபாய். வரி வசூலிக்க எடுக்கும் முயற்சிக்கு 10 ரூபாய். நடந்துகொண்டிருக்கும் பெரிய பாசன, மின்சாரத் திட்டங்களுக்கு 10 ரூபாய். வறட்சி, வெள்ளம் போன்ற தனிப் பிரச்னைகளுக்கு 10 ரூபாய். கிடைப்பதில் 30 சதவீதம் மானியம், 70 சதவீதம் கடன். 1969ஆம் ஆண்டு தேசிய வளர்ச்சிக் கவுன்சில் இதை ஏற்றது. நாலாவது திட்டம் இதன்படி நடந்தது.

ஏழை மாநிலங்களுக்கு முழுத் திருப்தி இல்லை. ஏழ்மைக்குப் பத்தில் ஒரு பங்குதானா என்று அவை கேட்டன. அக்கேள்வியில் நியாயம் இருந்தது. 1980ஆம் ஆண்டில் பாசன, மின்சாரத் திட்டங்களுக்கான பங்கை நீக்கி, வருமானம் குறைந்த மாநிலங்களின் பங்கு 20 ஆக உயர்த்தப்பட்டது. 1991ஆம் ஆண்டில் மேலும் ஒருமுறை திருத்தம் நடந்தது.

அதே 1969ஆம் ஆண்டில், 14 வங்கிகள் நாட்டுடைமையான மூன்று மாதங்களுக்குள், காட்கில் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு மற்றொரு யோசனை கூறியது. ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ற கடன் திட்டம் வேண்டும். வங்கிகள் பகுதியைப் பொறுப்பேற்று வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மாவட்டத்துக்கு ஒரு வங்கி முன்னின்று நடத்தும் முன்னோடி வங்கித் திட்டம் அவ்வாண்டு இறுதியில் பிறந்தது. வாயி தாலுகாவில் கணக்கு எடுத்தவரின் அனுபவம் அதில் தெரிகிறது.

1971ஆம் ஆண்டு பொதுத் தேர்தலுக்குப் பின் திட்டக் கமிஷன் மாற்றி அமைக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் காட்கில் பதவியிலிருந்து விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் தமிழகத்தின் சி. சுப்பிரமணியம். பொறுப்பை விட்ட ஓரிரு நாட்களிலேயே, மே 3ந் தேதி, காட்கில் காலமானார். வயது 70. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதுகாப்பு பற்றி 2011ஆம் ஆண்டில் அறிக்கை தந்து, நீலகிரி முதல் கோவா வரை விவாதத்தை எழுப்பிய சூழலியல் விஞ்ஞானி மாதவ் காட்கில் அவருடைய புதல்வர்.

திட்டக் கமிஷன் 2015ஆம் ஆண்டு தொடக்கத்தில் இல்லாமற் போயிற்று. அவர் பெயர் தாங்கிய சூத்திரத்தின் வேலையும் அத்துடன் முடிந்தது. ஆனால் தலைக் கணக்குப்படி தருவதா, ஏழ்மைப்படி தருவதா, முயற்சிப்படி தருவதா என்ற வழக்கு நிதிக் கமிஷன் கூடும்போதெல்லாம் மாநிலங்களிடையே மறுபடி எழுகிறது. காட்கில் தந்த தீர்ப்பு எல்லாருக்கும் பிடித்த தீர்ப்பு அல்ல. ஆனால் தன் பங்கு எவ்வளவு, அது எப்படி வந்தது என்பதை எந்த மாநிலமும் பென்சிலும் காகிதமும் கொண்டு தானே போட்டுப் பார்த்துக்கொள்ள முடிந்தது. பாகப்பிரிவினையில் பெரியவர்களிடம் இளையவர்கள் கேட்பது முதலில் அதைத்தான்.