முதற் பதிப்பு

பழம் புத்தகப் பித்து எனக்குச் சில ஆண்டுகளாகவே உண்டு. ஒரு நாள் மாலை, கொல்கத்தா காலேஜ் தெருவின் நடைபாதைக் கடையொன்றில் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘டைம் மெஷின்’ நாவல் என் கண்ணில் பட்டது. உள்ளே 1895 என்ற எண்ணைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. முதற் பதிப்பே கைக்கு வந்துவிட்டது என்று எண்ணிப் பேரம் கூடப் பேசாமல் வாங்கி வந்தேன்.

விடுதி விளக்கின் அடியில் உண்மை விளங்கிற்று. அந்த ஆண்டு இருந்தது தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில். நூல் முதன்முதலாக வெளிவந்த ஆண்டைத்தான் அது குறித்தது. அதன் கீழே மறு அச்சுகளின் ஆண்டுகள் வரிசையாக நின்றன. விற்றவர் மீது குற்றமில்லை. அவர் முதற் பதிப்பு என்று சொல்லவே இல்லை. என் ஆசைதான் அவ்வாறு படித்தது! அந்த ஏமாற்றமே வெல்ஸின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

இங்கிலாந்தில், கென்ட் பகுதியைச் சேர்ந்த புரோம்லியில் 1866 செப்டம்பர் 21-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை பீங்கான் பாத்திரமும் கிரிக்கெட் பொருள்களும் விற்ற சிறு வணிகர். நல்ல பந்து வீச்சாளர். ஏழு வயதில் கால் முறிந்து படுக்கையில் கிடந்த மகனுக்கு அவர் கொண்டுவந்து தந்த நூல்களே துணையாயின. ஆயினும் வறுமை விடவில்லை. தாய் ஒரு மாளிகையில் வேலைக்குப் போனார். மகன் ஜவுளிக் கடையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தான். அதை வெறுத்து வெளியேறி, பள்ளியொன்றில் மாணவ ஆசிரியராக இருந்து, 1884-இல் உதவித் தொகை பெற்று லண்டனில் அறிவியல் கல்லூரி சேர்ந்தான். வாரம் 21 ஷில்லிங்கில் வயிறு வாடியது. ஆனால் ஹக்ஸ்லி போன்ற பேரறிஞரிடம் உயிரியல் கற்கும் பேறு கிட்டியது.

அங்கே தோழர்களுடன் சேர்ந்து ஒரு மாணவர் இதழைத் தொடங்கி, அதன் ஆசிரியராகவும் இருந்தார் வெல்ஸ். விளைவு? 1887-இல் இறுதித் தேர்வில் தோல்வி! பட்டமின்றி வெளியேறிய அவர், 1888 ஏப்ரல் முதல் ஜூன் வரை அதே இதழில் ஒரு தொடர்கதை எழுதினார். காலத்தின் ஊடே பொறியேறிச் செல்லும் ஒருவனின் கதை அது. மூன்று இதழ்களோடு முற்றுப் பெறாமலே நின்றுபோயிற்று.

அவர் அக்கதையை விடவில்லை. மீண்டும் மீண்டும் திருத்தி எழுதினார். 1890-இல் பட்டமும் பெற்றார். 1893-இல் நுரையீரலில் குருதி கசிந்து ஆசிரியத் தொழிலைப் பறித்தது, பேனாவே பிழைப்பாயிற்று. 1895 மே மாதம் அக்கதை ‘டைம் மெஷின்’ என்ற நூலாயிற்று.

நியூயார்க்கில் ஹோல்ட் பதிப்பகத்தார் சில வாரம் முந்திக்கொண்டனர். அவசரத்தில் தலைப்புப் பக்கத்தில் எச். எஸ். வெல்ஸ் என்று ஆசிரியர் பெயரையே தவறாக அச்சிட்டனர். இன்று அந்தப் பிழைதான் முதல் அச்சின் அடையாளம்! லண்டன் ஹைன்மன் பதிப்பையோ, தலைப்புப் பக்கத்தில் உள்ள 1895, சாம்பல் நிறத் துணி அட்டை, அதில் ஊதா நிறத்தில் பொறித்த எழுத்தும் ஸ்பிங்க்ஸ் உருவமும், இறுதியில் பதினாறு பக்க விளம்பரம் ஆகியவற்றைக் கொண்டு அறியலாம். தாள் அட்டையிட்ட படிகளும் அப்போதே வந்தன. ஆண்டு ஒன்றை மட்டும் நம்பினால் என் கதிதான். இரு நூல்களின் வாசகமும் வேறு. இன்று நாம் படிப்பது பெரும்பாலும் லண்டன் பாடமே.

1946 ஆகஸ்ட் 13-இல் வெல்ஸ் மறைந்தார். அவருடைய முதற் பதிப்புகளுக்குச் செல்வர்கள் பெரும்பொருள் கொடுக்கின்றனர். என்னைக் கேட்டால், அக்கதையின் வித்து விழுந்த இடம் ஒரு மாணவர் இதழ்தான் என்பேன்.

அன்று முதல் நம் சங்கத்தின் பழைய மலர்களைச் சேர்த்து வருகிறேன். சில ஆண்டுகளின் மலர்கள் ஒரு படி கூடக் கிடைக்கவில்லை. அவற்றில் எவருடைய கன்னி முயற்சி கிடக்கிறதோ, யார் அறிவார்? உங்கள் பெட்டியின் அடியில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சங்க அலமாரிக்குத் தாருங்கள்.