குதிரையே எடுத்த புகைப்படம்



துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டியைப் படம் எடுக்க, டிஜிட்டல் கேமராவின் பொத்தானை அழுத்துகிறீர்கள். பிறகு பார்த்தால், படத்தில் வால் மட்டும்தான் இருக்கிறது! குட்டி எங்கே போயிற்று?

பொத்தானை அழுத்திய உடனே கேமரா படம் பிடித்துவிடுவதில்லை. பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து லென்சைச் சரிசெய்ய வேண்டும். வெளிச்சத்தை அளக்க வேண்டும். ஒளியை உணரும் சில்லைத் தயார்ப்படுத்த வேண்டும். அதற்குள் குட்டி ஓடிவிடுகிறது. கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்தவும் ஏறக்குறைய 5-ல் ஒரு பங்கு விநாடி ஆகிவிடும்.

டிஜிட்டல் கேமரா வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தாமதத்தோடு போராடி வென்ற ஒருவர் இருந்தார். அவர்தான் எட்வர்ட் மைபிரிட்ஜ்.

இவர் 1830-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். இளம் வயதிலேயே அமெரிக்கா சென்று, சான் பிரான்சிஸ்கோ நகரில் புத்தகக் கடை நடத்தினார். 1860-ல் அவர் பயணம் செய்த வண்டியின் குதிரைகள் மிரண்டு ஓடின. வண்டி மோதித் தூக்கி எறியப்பட்ட அவருக்குத் தலையில் பலத்த அடி. சிகிச்சைக்காகத் தாய்நாடு திரும்பியவர், 1867-ல் மீண்டும் சான் பிரான்சிஸ்கோ வந்தபோது புகைப்படக் கலைஞராக வந்தார். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் அருவிகளையும் மலைகளையும் படமெடுத்துப் புகழ் பெற்றார்.

1872-ல் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு என்ற செல்வந்தர் அவரை அழைத்தார். இவர் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர்; பந்தயக் குதிரைகள் வளர்ப்பவர். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? இதுதான் அவருடைய கேள்வி. வெறும் கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தக் காலத்துப் புகைப்படம் இப்போது போல எளிதன்று. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்தாக வேண்டும். லென்சின் மூடியைக் கையால் திறந்து மூடுவார்கள். ஓடும் குதிரை அதில் வெறும் புகை போலத்தான் தெரியும். மைபிரிட்ஜின் முதல் படங்களும் மங்கலாகவே வந்தன. ஆனாலும் அவர் விடவில்லை.

1878 ஜூன் மாதம், பாலோ ஆல்டோ என்ற இடத்தில் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையில் பத்திரிகையாளர்கள் கூடினர். ஓடுபாதையின் ஓரத்தில் 12 கேமராக்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 27 அங்குலம், அதாவது சுமார் 69 சென்டிமீட்டர். வெளிச்சம் போதுமான அளவு கிடைக்க எதிர்ப்புறம் முழுவதும் வெள்ளைத் திரை. பாதையின் குறுக்கே, ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு மெல்லிய நூல்!

சாலி கார்டனர் என்ற பெண் குதிரை பாய்ந்து வந்தது. அதன் மார்பு பட்டு நூல் இழுபட்டதும் மின்சாரம் பாய்ந்து, அந்தக் கேமராவின் மூடி நொடிப்பொழுதில் திறந்து மூடிக்கொண்டது. இந்த மின் அமைப்பை உருவாக்க உதவியவர் ஜான் ஐசக்ஸ் என்ற ரயில்வே பொறியாளர்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். குதிரையின் வேகம் மணிக்குச் சுமார் 58 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 16 மீட்டர். 5-ல் ஒரு பங்கு விநாடியில் அது 3 மீட்டருக்கு மேல் போய்விடும். மனித விரலை நம்பியிருந்தால், குதிரை நான்கு கேமராக்களைத் தாண்டியிருக்கும்! அதனால்தான் மைபிரிட்ஜ் அந்த வேலையைக் குதிரையிடமே ஒப்படைத்தார்.

படங்களை அங்கேயே கழுவிக் காட்டினார். ஓட்டத்தின்போது சேணத்தின் வார் ஒன்று அறுந்துவிட்டது. அதுகூடப் படத்தில் தெரியவே, சந்தேகப்பட்டவர்களும் நம்பினார்கள். ஆம், நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பத்தான் செய்கின்றன! ஆனால், ஓவியர்கள் அதுவரை வரைந்தது போல முன்னும் பின்னும் கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல. வயிற்றுக்குக் கீழே அவை மடங்கியிருக்கும்போது.

அடுத்து, படங்களைப் பார்த்து வட்டக் கண்ணாடித் தட்டில் வரைந்து, அதைச் சுழற்றி, திரையில் குதிரையை ஓட வைத்தார். பின்னாளில் பிறந்த சினிமாவுக்கு இது ஒரு முன்னோடி.

இவ்வளவு செய்தவருக்கு ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. 1882-ல் ஸ்டான்ஃபோர்டு இந்த ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார். அதன் முகப்பில் மைபிரிட்ஜின் பெயரே இல்லை. லண்டனில் அறிஞர்கள், இது உண்மையில் இவருடைய கண்டுபிடிப்புதானா என்று சந்தேகப்பட்டனர். வழக்குத் தொடுத்தார், தோற்றார்.

மைபிரிட்ஜ் மூலையில் முடங்கிவிடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு மனிதர், விலங்கு, பறவை என எல்லாவற்றின் அசைவுகளையும் படமெடுத்தார். 1887-ல் 781 படத்தாள்கள் கொண்ட பெருந்தொகுப்பை வெளியிட்டார். இழந்த பெயர் தானாகத் தேடி வந்தது. 1904-ல், பிறந்த ஊரிலேயே காலமானார்.

சரி, உங்கள் ஆட்டுக்குட்டிக்கு வருவோம். பொத்தானைப் பாதி அழுத்திப் பிடியுங்கள். கேமரா தன் வேலைகளை முன்கூட்டியே முடித்துக்கொள்ளும். குட்டி துள்ளும்போது மீதியை அழுத்துங்கள். இன்றைய பல செல்பேசிகள், கேமராவைத் திறந்ததுமே படங்களைத் தொடர்ந்து சேகரித்து, நீங்கள் அழுத்திய நேரத்துப் படத்தை எடுத்துத் தருகின்றன. எல்லாம் மைபிரிட்ஜ் கட்டிய நூலைப் போன்ற ஏற்பாடுதான்: குதிரை வருவதற்கு முன்பே தயாராகக் காத்திருப்பது.

தேர்வும் பாய்ந்து வரும் குதிரைதான், குழந்தைகளே. நூலை முன்பே கட்டி வையுங்கள்!