இருபது வயதில் டெபியன் தந்தவர்!

நம்ம லேப்பிலே லினக்ஸ் பேச்சு வந்தால் போதும், ஆளுக்கொரு கட்சி. உபுண்டுதான் என்பான் ஒருவன், மின்ட்தான் என்பான் இன்னொருவன். என் ஓட்டு டெபியனுக்கு! அதை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் இயன் மர்டாக் என்ற மனிதரின் வாழ்க்கை.

1973 ஏப்ரல் 28 அன்று, அப்போதைய மேற்கு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர் மர்டாக். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்தார்.

லினக்ஸ் கெர்னலை 1991-ல் வெளியிட்டவர் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். ஆனால் எஞ்சின் மட்டும் இருந்தால் பஸ் ஓடிடுமா? சக்கரம், ஸ்டியரிங், சீட்டு எல்லாம் பூட்ட வேண்டாமா? அப்படிக் கெர்னலோடு மற்ற புரோகிராம்களையும் சேர்த்துத் தருவதைத்தான் டிஸ்ட்ரிபியூஷன் என்கிறோம். அந்நாளில் பலர் கையிலும் இருந்தது எஸ்.எல்.எஸ். என்ற தொகுப்பு. அதில் பிழைகள் ஏராளம், ஒழுங்காகப் பராமரிப்பாரும் இல்லை. அதைப் பயன்படுத்திப் பார்த்த மர்டாக், குறை சொல்லிவிட்டுச் சும்மா உட்காரவில்லை. 1993 ஆகஸ்ட் 16 அன்று தானே ஒரு புதிய தொகுப்பை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபதுதான்!

காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயர் இயனைச் சேர்த்து டெபியன் என்று பெயர் வைத்தார். பின்னாளில் அந்த டெப்ராவையே மணந்தார். ஓர் அறிக்கையும் எழுதினார். ஒரு கம்பெனியின் சொத்தாக இல்லாமல், பலரும் கூடித் திறந்த முறையில், அக்கறையோடு தொகுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1996 மார்ச்சில் தலைமைப் பொறுப்பை புரூஸ் பெரன்ஸிடம் ஒப்படைத்தார். ஆரம்பித்தவர் விலகியும் டெபியன் நிற்கவில்லை!

பிற்பாடு புரோஜெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2007-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சேர்ந்தார். 2015 டிசம்பர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் தன் 42-ஆம் வயதில் மறைந்தார். 2017-ல் வெளிவந்த டெபியன் 9 அவருக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்க வீட்டிலே பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். செங்கல்லை அவர் சுடலை, சிமெண்டை அவர் செய்யலை. ஆனா சுவர் நேரா நிக்குதுன்னா அது அவர் கை வேலை. மர்டாக்கின் வேலையும் அப்படித்தானே? கெர்னலை எழுதியவர் அவரில்லை. பிறர் எழுதியவற்றைக் கோணலில்லாமல் சேர்க்க வழி செய்தார். டிப்ளமோ படிச்சா பொருத்துற வேலைதானேன்னு நம்மைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. பொருத்துவதும் பெரிய வேலைதான் என்று அவர் வாழ்க்கை சொல்கிறது.

என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். லைசென்ஸ் வாங்கக் காசில்லை. டெபியனை எக்ஸ்.எஃப்.சி.இ. டெஸ்க்டாப்போடு போட்டேன். புரோகிராம் எழுத, ரிப்போர்ட் அடிக்க, பாட்டுக் கேட்க, எல்லாத்துக்கும் அதுதான். புத்தம்புது மென்பொருள் அதில் உடனே வராது. சோதித்துப் பார்த்து, ஏறக்குறைய ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் புதுப் பதிப்பு வரும். தினமும் வேலை நடக்கணும்னா எனக்கு அந்த நிதானம்தான் முக்கியம்.

உபுண்டு நண்பர்களே, கோபம் வேண்டாம்! 2004-ல் வந்த உபுண்டு டெபியன் மீது கட்டியதுதான். மின்ட் வந்தது உபுண்டு வழியே. புராஜெக்டுக்கு நாம் போடும் ராஸ்பெர்ரி பை ஓ.எஸ்.ஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்தவையே.

ஆகவே நண்பர்களே, அடுத்தவன் சொன்னான் என்று எதையும் போடாதீர்கள். அதை யார் பராமரிக்கிறார்கள், எத்தனை வருஷம் திருத்தம் தருவார்கள், நம் மெஷின் தாங்குமா என்று பார்த்துப் போடுங்கள். பிடிக்கவில்லையா? இருபது வயது மர்டாக்கைப் போல, நீங்களே ஒன்றை உருவாக்குங்கள்!