உரிமையை விடாதவர், காப்புரிமையை விட்டவர்

புது தில்லி: 5ஜி சேவைக்காக மத்திய அரசு 2022-ல் ஏலம் விட்ட அலைவரிசைகளில் 26 கிகாஹெர்ட்ஸும் ஒன்று. அதன் அலைநீளம் சுமார் 11 மில்லிமீட்டர். இத்தகைய நுண்ணலைகளை 1890-களிலேயே கொல்கத்தாவில் உருவாக்கி ஆராய்ந்தவர் ஜகதீச சந்திர போஸ்.

இன்றைய வங்கதேசப் பகுதியில் 1858 நவம்பர் 30-ம் தேதி பிறந்தவர் போஸ். அரசு அதிகாரியான தந்தை, மகனை முதலில் வங்கமொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் பயின்ற போஸ், 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார்.

அங்கு ஐரோப்பியரின் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்பதால் போஸுக்கு அதிலும் பாதி. பணியைக் குறைவின்றிச் செய்த அவர், மூன்று ஆண்டுகள் ஊதியத்தைத் தொடவில்லை. சென்னையில் மருத்துவம் பயின்ற அபலாவை மணந்ததும் இக்காலத்தில்தான். இறுதியில் அரசு பணிந்தது. முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது.

கல்லூரியின் சிறிய அறையொன்றில், உள்ளூர்த் தொழிலாளியின் உதவியுடன் கருவிகளை அமைத்தார். 1895-ல் கொல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார்; வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் 5 முதல் 25 மில்லிமீட்டர் வரை. வாய் விரிந்த கொம்பு வடிவ ஆன்டெனாவையும் பயன்படுத்தினார்.

அலைகளை உணர, கலீனா என்ற ஈயக் கனிமத்தின் மீது உலோக முனையைப் பொருத்தினார். அலை விழுந்ததும் அதனூடே செல்லும் மின்னோட்டம் மாறும். குறைகடத்தியை இவ்வாறு பயன்படுத்திய முன்னோடிக் கருவி இது. அறிவை விலைபேச விரும்பாத போஸ், காப்புரிமை கோர மறுத்தார். நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தும், அதனால் பணம் ஈட்ட முயலாமல் காலாவதியாக விட்டார்.

கம்பியில்லாத் தந்திக்கான நோபல் பரிசு 1909-ல் மார்க்கோனிக்கும் ஜெர்மனியின் பிரவுனுக்கும் சென்றது. ஆயினும் போஸின் கொள்கை மாறவில்லை. 1917-ல் நிறுவிய போஸ் ஆய்வு நிறுவனத்தின் கண்டுபிடிப்புகளும் பொதுச்சொத்தே, அவற்றுக்குக் காப்புரிமை பெறப்படாது என அறிவித்தார்.

இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரிடியில் 1937 நவம்பர் 23-ம் தேதி காலமானார். அவரது மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அமெரிக்காவைச் சேர்ந்த மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு அங்கீகரித்தது 2012-ல்தான். அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, அவ்வகை அலைகளுக்கு இந்தியாவில் ஏல விலை நிர்ணயிக்கப்பட்டது.