சேர் ஜெப்ரி கெயின்ஸ் (1887 – 1982)

அறிமுகம்

பொருளியல் கற்கும் மாணவர்கள் ஜோன் மேனார்ட் கெயின்ஸ் என்னும் பெயரை நன்கு அறிவர். அப்பொருளியல் அறிஞரின் தம்பியே சேர் ஜெப்ரி கெயின்ஸ் ஆவார். அண்ணன் நாடுகளின் பொருளாதாரச் சிந்தனையை மாற்றினார். தம்பியோ மார்பகப் புற்றுநோய்க்குள்ளான பெண்களுக்கு அளிக்கப்பட்டு வந்த சிகிச்சை முறையை மாற்ற முயன்றார். சிறிய சத்திரசிகிச்சையையும் இரேடியக் கதிர்வீச்சையும் இணைத்து மார்பகத்தைக் காப்பாற்ற முடியும் என்று முதலில் காட்டியவர்களுள் அவர் ஒருவர். அவரது கருத்து பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. ஏன் இத்தனை காலம் சென்றது என்பதை அவரது வாழ்க்கை வரலாறு எமக்கு விளக்குகின்றது.

பிறப்பும் கல்வியும்

ஜெப்ரி கெயின்ஸ் 1887 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25 ஆம் திகதி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஜோன் நெவில் கெயின்ஸ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அளவையியல், பொருளியல் அறிஞர். தாய் புளோரன்ஸ் அடா கெயின்ஸ் ஒரு சமூக சேவகி. 1932 இல் கேம்பிரிட்ஜ் நகர முதல்வராகவும் பதவி வகித்தார். இவர்களுடைய மூன்று பிள்ளைகளுள் இளையவரே ஜெப்ரி. அவரது சகோதரி மார்கரெட், பின்னாளில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற உடற்றொழிலியலாளர் ஏ. வி. ஹில்லை மணந்தார்.

ஜெப்ரி ரக்பி பாடசாலையில் கல்வி கற்றார். அங்கே, பின்னர் கவிஞராகப் புகழ்பெற்ற ரூபர்ட் புரூக் அவருக்கு நண்பரானார். பின்னர் கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்று முதல் வகுப்பில் சித்தியடைந்தார். மருத்துவப் பயிற்சிக்காக இலண்டனிலுள்ள சென் பார்த்தலோமியு வைத்தியசாலையில் சேர்ந்தார். 1123 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மிகப் பழைய வைத்தியசாலை அது. குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி பணியாற்றியதும் அங்கேதான்.

போர்க்களத்தில் பெற்ற அனுபவம்

1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டதும் கெயின்ஸ் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்சில் கடமையாற்றினார். காயமுற்ற வீரர்கள் குருதியிழப்பால் அதிர்ச்சி நிலையடைந்து இறப்பதை அவர் நாள்தோறும் கண்டார். குருதியேற்றுதல் அக்காலத்தில் பிரித்தானிய மருத்துவர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒன்று. போர்முனைக்கு வந்த அமெரிக்க மருத்துவர்களிடமிருந்து அவர் அதனைக் கற்றார். சோடியம் சித்திரேற்றைச் சேர்த்தால் எடுத்த குருதி உறையாது. இதனைப் பயன்படுத்தி, குருதி செல்லும் வேகத்தைச் சீராக்கக்கூடிய, எங்கும் எடுத்துச் செல்லத்தக்க ஒரு கருவியை அவர் அமைத்தார். அதன் உதவியால் பலர் உயிர் தப்பினர்.

1917 இல் அவர் மார்கரெட் டார்வினை மணந்தார். கூர்ப்புக் கொள்கையை வெளியிட்ட சார்ள்ஸ் டார்வினின் பேத்தி அவர். இத்தம்பதியருக்கு நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தனர்.

போர் முடிந்த பின்னர், பேர்சி ஒலிவர் என்பவர் 1921 இல் இலண்டனில் தொடக்கிய தன்னார்வக் குருதிக் கொடையாளர் சேவைக்கு கெயின்ஸ் மருத்துவ ஆலோசகராகத் துணை நின்றார். 1922 இல் குருதியேற்றுதல் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். கண்ணெதிரே காணும் பயனை வைத்தே ஒரு முறையை மதிப்பிட வேண்டும் என்னும் பழக்கத்தைப் போர்க்களம் அவருக்குக் கற்பித்திருந்தது.

அக்காலத்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை

கெயின்ஸ் சத்திரசிகிச்சை நிபுணராகப் பணி தொடங்கிய காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு ஒரே வழி என்று கருதப்பட்டது, அமெரிக்காவின் போல்ரிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறையாகும். ஹால்ஸ்டெட் 1894 இல் 50 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டிருந்தார். அவரது முறையில் மார்பகம் முழுவதும், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் ஒரே தொகுதியாக அகற்றப்பட்டன.

இம்முறைக்கு ஒரு கொள்கை அடிப்படையாக இருந்தது. புற்றுநோய் ஓரிடத்தில் தோன்றி, நிணநீர்க் கான்கள் வழியே படிப்படியாக வெளிநோக்கிப் பரவுகின்றது. ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகின்றோமோ அவ்வளவுக்கு நோய் நீங்கும் என்பதே அக்கொள்கை. வெட்டிய இடத்தில் கட்டி மீண்டும் வளர்வதை இம்முறை உண்மையிலேயே குறைத்தது. அதனால் அது உலகெங்கும் பரவியது.

ஆனால் பெண்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. மார்புச் சுவர் குழிவிழுந்து, விலா எலும்புகள் தோலுக்குக் கீழே தெரிந்தன. நிணநீர் வடிய வழியின்றிப் பலருக்குக் கை வீங்கியது. தோளை அசைப்பதும் கடினமாயிற்று. இத்தனையும் பொறுத்துக்கொண்ட பின்னரும், நுரையீரலிலோ எலும்பிலோ நோய் தோன்றிப் பலர் இறந்தனர். இவ்வளவு வெட்டுவது உண்மையில் அவசியந்தானா என்ற ஐயம் கெயின்ஸின் மனதில் எழுந்தது.

இரேடிய ஊசிச் சிகிச்சை

மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898 இல் இரேடியத்தைக் கண்டறிந்தனர். கதிர்த்தொழிற்பாடுள்ள இம்மூலகத்திலிருந்து வரும் காமாக் கதிர்கள் இழையங்களை ஊடுருவிச் சென்று கலங்களின் டி.என்.ஏ. ஐச் சேதப்படுத்துகின்றன. விரைவாகப் பிரிவடையும் புற்றுநோய்க் கலங்கள் இச்சேதத்தால் அதிகம் பாதிக்கப்பட்டு இறக்கின்றன. அருகிலுள்ள சுகதேகக் கலங்களோ பெரும்பாலும் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. கதிர்வீச்சுச் சிகிச்சையின் அடிப்படை இதுவே.

சென் பார்த்தலோமியு வைத்தியசாலையில் பேராசிரியர் ஜோர்ஜ் காஸ்க்கின் பிரிவில் கெயின்ஸ் பணியாற்றினார். 1924 இல் அங்கே அவர் மார்பகப் புற்றுநோய்க்கு இரேடியத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். எடுத்த எடுப்பிலேயே எல்லா நோயாளருக்கும் அவர் இதனைச் செய்யவில்லை. நோய் முற்றி, சத்திரசிகிச்சையால் பயனில்லை என்று கைவிடப்பட்டவர்களுக்கே முதலில் செய்தார். அவர்களுடைய கட்டிகள் சுருங்கியதைக் கண்ட பின்னரே, ஆரம்ப நிலையிலிருந்த நோயாளருக்கும் இம்முறையை விரிவாக்கினார்.

அவர் கையாண்ட முறை பின்வருமாறு அமைந்தது. இரேடியம் அடங்கிய மெல்லிய ஊசிகள் மார்பக இழையத்தினுள்ளும் அக்குளிலும் நிணநீர் செல்லும் பாதைகளிலும் செருகப்பட்டன. சில நாட்களின் பின் ஊசிகள் வெளியே எடுக்கப்பட்டன. பிற்காலத்தில் கட்டியை மாத்திரம் வெட்டியெடுத்து, எஞ்சிய மார்பகத்துக்கு இரேடியக் கதிர்வீச்சு அளித்தார். கண்ணுக்குத் தெரியும் கட்டியைக் கத்தி நீக்கும். கண்ணுக்குத் தெரியாது எஞ்சியிருக்கும் கலங்களைக் கதிர் அழிக்கும். இவ்வாறு இரண்டு சிகிச்சைகளும் ஒன்றன் குறையை மற்றையது நிரப்பின. மார்பகமும் மார்புத் தசைகளும் கைகளின் இயக்கமும் காப்பாற்றப்பட்டன.

தம் நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த கெயின்ஸ், 1937 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் தமது முடிவுகளை வெளியிட்டார். அவரது நோயாளர் உயிர் வாழ்ந்த காலம், முழு மார்பகமும் அகற்றப்பட்டவர்கள் உயிர் வாழ்ந்த காலத்துடன் ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

எதிர்ப்பும் போரும்

இம்முடிவை மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. ஹால்ஸ்டெட்டிடமும் அவரது மாணவர்களிடமும் பயின்ற ஒரு தலைமுறை, அகலமாக வெட்டாது விடுவது நோயாளியை ஆபத்தில் தள்ளுவதாகும் என்று நம்பியது. அவர்களுடைய எதிர்ப்பில் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. கெயின்ஸின் நோயாளரும் ஏனையோரின் நோயாளரும் ஒரே வகையினர் அல்லர்; நோயின் நிலை வேறுபட்டிருக்கலாம்; அப்படியாயின் இரு தொகுதியினரையும் எவ்வாறு ஒப்பிடுவது? இக்கேள்விக்கு விடை கூறத்தக்க பரிசோதனை முறை அன்று மருத்துவத்தில் வழக்குக்கு வரவில்லை.

1939 இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. குண்டுவீச்சில் இரேடியம் சிதறினால் பெருந்தீங்கு நேரும் என்பதால், பிரித்தானியாவில் இருந்த இரேடியத்தின் பெரும்பகுதி பாதுகாப்பாக நிலத்தடியில் வைக்கப்பட்டது. கெயின்ஸும் பிரித்தானிய விமானப் படையின் ஆலோசகச் சத்திரசிகிச்சை நிபுணராகச் சென்றார். அவரது மார்பகப் புற்றுநோய் ஆய்வு இவ்வாறு இடைநின்றது.

பிற பணிகள்

போர்க்காலத்திலும் அவரது ஆய்வுள்ளம் ஓயவில்லை. மயஸ்தீனியா கிராவிஸ் எனப்படும் தசைத் தளர்ச்சி நோய்க்கு, 1942 முதல் தைமசுச் சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சையைச் செய்து பிரித்தானியாவில் அத்துறையின் முன்னோடியானார். 1955 இல் அவருக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது.

இலக்கியத்திலும் அவர் சிறந்து விளங்கினார். ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கின் படைப்புகளை ஆராய்ந்து 1921 இல் நூல் விபரப் பட்டியலொன்றை வெளியிட்டார். 1966 இல் வில்லியம் ஹார்வியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1981 இல் தமது சுயசரிதையை வெளியிட்டார்.

காலம் அளித்த தீர்ப்பு

கெயின்ஸ் எழுப்பிய வினாவுக்கு 1970 களில் தொடங்கிய பரிசோதனைகளே விடை தந்தன. இப்பரிசோதனைகளில் எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பது வைத்தியரின் விருப்பப்படியன்றி எழுமாறாகத் தீர்மானிக்கப்பட்டது. எனவே தொகுதிகளை நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

இத்தாலியின் மிலான் நகரில் உம்பேர்ட்டோ வெரொனேசி 1973 இற்கும் 1980 இற்கும் இடையில், 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டிகளைக் கொண்ட 701 பெண்களை ஆய்வுக்குட்படுத்தினார். ஒரு தொகுதிக்கு ஹால்ஸ்டெட் முறையும், மறு தொகுதிக்கு மார்பகத்தின் ஒரு பகுதியை அகற்றிக் கதிர்வீச்சு அளிக்கும் முறையும் செய்யப்பட்டன. 1981 இல் வெளியான முடிவுகளின்படி உயிர் வாழ்வதில் இரு தொகுதிகளுக்கும் வேறுபாடு இல்லை.

அமெரிக்காவில் பேர்னார்ட் பிஷர் 1976 இல் மற்றொரு பெரிய பரிசோதனையைத் தொடக்கினார். அதன் 20 ஆண்டு முடிவுகள் 2002 இல் வெளியாகின. ஆராயப்பட்ட 1,851 பெண்களில், மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டவர்களும் கட்டி மாத்திரம் அகற்றப்பட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உயிர் வாழ்ந்தனர். ஆயினும் கட்டியை மாத்திரம் அகற்றிக் கதிர்வீச்சு அளிக்காது விட்டபோது 39.2% ஆனோருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டும் தோன்றியது. கதிர்வீச்சு அளித்தபோது இது 14.3% ஆகக் குறைந்தது. சிறிய சத்திரசிகிச்சையுடன் கதிர்வீச்சு ஏன் சேர வேண்டும் என்பதை இவ்விரு எண்களும் தெளிவாகக் காட்டுகின்றன.

ஹால்ஸ்டெட்டின் கொள்கை எங்கே தவறியது என்பதும் விளங்கியது. புற்றுநோய்க் கலங்கள் ஆரம்பத்திலேயே குருதி வழியாக வேறு உறுப்புகளுக்குச் செல்லக்கூடும். அவ்வாறு சென்றிருப்பின், மார்பில் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் அவற்றைப் பிடிக்க முடியாது. அவற்றுக்கு மருந்துச் சிகிச்சையே தேவை.

இன்று ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குக் கட்டியை அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பது உலகெங்கும் வழக்கிலுள்ளது. இரேடிய ஊசிகளின் இடத்தை உடலுக்கு வெளியிலிருந்து கதிரைச் செலுத்தும் இயந்திரங்கள் பிடித்துள்ளன. கட்டி பெரிதாகவோ பல இடங்களிலோ இருப்பின் மார்பகத்தை முழுதாக அகற்றுவது இன்றும் அவசியமாகலாம்.

சேர் ஜெப்ரி கெயின்ஸ் 1982 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5 ஆம் திகதி, தமது 95 ஆவது வயதில் காலமானார். மிலான் பரிசோதனையின் முடிவுகள் அதற்கு ஓராண்டின் முன்னரே வெளியாகியிருந்தன. பெரியோர் வகுத்த முறை என்பதற்காக ஒன்றைச் சரியெனக் கொள்ளாது, அதன் பயனையும் அதனால் வரும் துன்பத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதே அவரது வாழ்க்கை தரும் பாடமாகும். அவ்வாறு அளப்பதற்கு ஒருவரின் அனுபவம் மாத்திரம் போதாது, நேர்மையான ஒப்பீடும் வேண்டும் என்பதை அவருக்குப் பின் வந்தோர் உணர்த்தினர்.

நினைவிற் கொள்க

• 1894 – ஹால்ஸ்டெட் தமது 50 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டார்.
• 1898 – இரேடியம் கண்டறியப்பட்டது.
• 1924 – கெயின்ஸ் மார்பகப் புற்றுநோய்க்கு இரேடிய ஊசிகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்.
• 1937 – கெயின்ஸின் முடிவுகள் வெளியாகின.
• 1981 – மிலான் பரிசோதனை முடிவுகள் வெளியாகின.
• 2002 – பிஷரின் 20 ஆண்டு முடிவுகள் வெளியாகின.

பயிற்சி வினாக்கள்

1. ஹால்ஸ்டெட் முறையில் அகற்றப்பட்ட பகுதிகள் எவை? அம்முறையால் பெண்கள் அடைந்த பாதிப்புகள் இரண்டு தருக.
2. காமாக் கதிர்கள் புற்றுநோய்க் கலங்களை எவ்வாறு அழிக்கின்றன?
3. கெயின்ஸ் முதலில் எத்தகைய நோயாளருக்கு இரேடியச் சிகிச்சை அளித்தார்? அதற்கான காரணம் யாதென நீர் கருதுகின்றீர்?
4. நோயாளரை எழுமாறாகப் பிரிப்பதால் ஏற்படும் நன்மை யாது?
5. கட்டியை அகற்றிய பின் கதிர்வீச்சு அளிப்பதன் அவசியத்தைப் பிஷரின் முடிவுகளைக் கொண்டு விளக்குக.